ருசி பார்க்க ஒரு தட்டு

சென்ற தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்காக அரசு ஒரு கண்காட்சி நடத்தியது. சேத்தூரிலிருந்து குதிரைவாலி முறுக்கு மூட்டையோடு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

நானும் என் தெருப் பெண்கள் மூன்று பேரும் அதற்குச் சில மாதம் முன்புவரை ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் சமூகத்தினருக்கு மானியத்தோடு தொழில் கடன் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, பயிற்சிக்குப் போய், மெஷின் வாங்கி, முறுக்குப் போட ஆரம்பித்தோம். முறுக்கு என்னவோ பிரமாதம். வாங்கத்தான் ஆள் இல்லை. எங்கள் தெருவில் சமைத்ததை ஊருக்குள் யாரும் வாங்கிச் சாப்பிடுவதில்லை. சண்டையா, சச்சரவா, ஒன்றும் கிடையாது, வழக்கம் அப்படி. சேவுக்குப் பேர்போன சாத்தூர் இருக்கிற மாவட்டத்தில் முறுக்கு விற்பது, திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிற கதை என்று என் வீட்டுக்காரர் வேறு கேலி செய்தார். கண்காட்சியிலும் விற்காவிட்டால் மில்லுக்கே திரும்பிவிடுவது என்று நாலு பேரும் பேசி வைத்திருந்தோம்.

பாக்கெட்டுகளை அழகாக அடுக்கிவிட்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். பக்கத்துப் பால்கோவாக் கடையில் மட்டும் தேரோட்டக் கூட்டம். ஒரு வழியாகக் கூட்டம் குறைந்ததும் அந்தக் கடைக்கார அம்மா என் மேசையை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ருசி பாக்கத் தட்டு வைக்கலயா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. தின்பண்டக் கடை போட்ட எல்லோரும் தட்டு வைத்திருந்தார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. நாம் நீட்டினால் யார் வாங்குவார்கள் என்று பிறந்ததிலிருந்து பழகிப்போன புத்தி. "எங்க தெரு ஆளுக கையில யாரும் வாங்கித் திங்க மாட்டாகம்மா" என்றேன்.

அவர் ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. ஒரு பாக்கெட்டைப் பிரித்து, எல்லோரும் பார்க்க ஒரு முறுக்கைக் கடக்கென்று கடித்தார். "இனிப்பு தின்ன வாய்க்குக் காரம் வேணும்ல? இந்தாங்க" என்று, பால்கோவா வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் முறுக்கையும் தட்டில் வைத்து நீட்டினார். எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களை என் பக்கம் தள்ளிவிட்டார். மத்தியானத்துக்குள் பாதி மூட்டை காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "இனிமே ஒங் கையால குடு. எனக்குக் கை வலிக்கு."

துணிந்து தட்டைத் தூக்கினேன். நேரம் பாருங்கள், எதிரே நின்றவர் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு அம்மா. கோயிலுக்கு வந்தவர் அப்படியே உள்ளே நுழைந்திருக்கிறார். அவர்கள் வயலில் நான் களை எடுத்திருக்கிறேன். தண்ணீர் கேட்டால் உயரத் தூக்கிக் கையில்தான் ஊற்றுவார்கள். எனக்குத் தட்டை நீட்டவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. பால்கோவாக்கார அம்மா கண்ணாலேயே அதட்டினார். நீட்டிவிட்டேன்.

பெரிய வீட்டு அம்மா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ஒன்றை எடுத்து நிதானமாக மென்றார்.

"உப்பு செத்த தூக்கலா இருக்குட்டி. அடுத்த தடவ கொறைச்சுப் போடு" என்று சொல்லிவிட்டு, இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே பால்கோவாக்கார அம்மா என்னை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். அதன் வழியாக இன்று ராஜபாளையம் கடைகளுக்கும் எங்கள் முறுக்கு போகிறது. நாங்கள் யாரும் மில்லுக்குத் திரும்பவில்லை. எத்தனையோ பேர் பாராட்டியாயிற்று. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் கையால் வாங்கித் தின்று குறை சொன்ன அந்த நிமிஷத்தில்தான், நானும் ஒரு வியாபாரி என்று எனக்கே நம்பிக்கை வந்தது.