சிஞ்ஞோர் நீனோவின் பின்னேரப் படங்கள்

வீடியோ டெக் கசெட்டை விழுங்கும்போது ஒரு முனகல் சத்தம் வரும்… அதோடு சூடேறிய தூசி மணம், அடுப்பில் கோப்பி பொங்கும் வாசம். பின்னேரம் என்றால் அந்த வீட்டில் இதுதான்.

இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை, ரயில் ஸ்தாசியோனே பக்கம் மூன்றாம் மாடியில் தனியே இருந்த ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்வது. சிஞ்ஞோர் நீனோ. துறைமுகத்தில் நாப்போலி கப்பலுக்கு டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இடுப்பில் ஒப்பரேஷன் செய்த பிறகு கதிரையை விட்டு எழும்பவே மாட்டார். நடக்கப் பழக்க வரும் பிசியோ பெண்ணைக் கண்டால் நித்திரை போலக் கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவு கள்ளம்.

அவருக்கு வேண்டியதெல்லாம் படம். அமெரிக்காக்காரரின் பழைய பாட்டுப் படங்கள்… இரண்டாம் உலக யுத்த காலத்திலும் அதற்குப் பிந்தியும் எடுத்தவை. லீவில் வந்த கடற்படைக்காரர், ஒரே பெண்ணுக்கு இரண்டு பேர் அடிபடுவது, கடைசியில் எல்லாரும் மேடையில் ஏறி ஆடுவது. கதை என்று பார்த்தால் ஒரு மண்ணும் இருக்காது. பேச்செல்லாம் இத்தாலியனில் டப் பண்ணியிருக்கும், பாட்டு மட்டும் இங்கிலீஷிலேயே ஓடும். அமெரிக்கப் பட்டாளம் பலேர்மோவுக்குள் வந்தபோது அவர் பொடியன். பசியும் இடிந்த வீடுகளுமாக இருந்த நாளில், மனிதர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சிரிப்பதை இந்தப் படங்களில்தான் முதலில் பார்த்தாராம்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. படத்தில் பாட்டு வந்தால் எழும்பிப் போய்விடுவேன். யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் வளர்ந்த ஆம்பிளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாட்டு என்றால் வெளியே ஒரு சிகரெட், ஒரு பிளேன்ரீ. திரும்பி வந்தால் கதை விட்ட இடத்திலேயே நிற்கும்.

இங்கேயும் அப்படித்தான். பாட்டுத் தொடங்கினால் நான் குசினியில். பாத்திரம் கழுவுவேன், பால்கனியில் உடுப்புக் காயப்போடுவேன்… மாதக்கணக்காக. பாட்டுப் படத்தில் பாட்டைத் தவிர மற்றதெல்லாம் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சிஞ்ஞோர் நீனோவின் மகன் மிலானோவில் எஞ்சினியர். நல்ல பிள்ளைதான். ஆனால் ஒருநாள் போன் எடுத்து, அப்பா இப்படியே கதிரையில் கிடந்தால் முதியோர் இல்லத்தில்தான் விடவேண்டும், ஓகஸ்டில் வந்து முடிவெடுக்கிறேன் என்றார்.

என் மனைவி மதி அப்போது ஊரில் இருந்தாள். அவளை இங்கே கூப்பிட விசாவுக்கு நான் காட்டியிருந்த ஒரே ஆதாரம் இந்த வேலையின் கொன்ட்ராட்டோ, ஒப்பந்தக் கடதாசிதான். கிழவர் இல்லத்துக்குப் போனால் வேலை போகும், வேலை போனால் அவள் வருவதும் போகும். சிஞ்ஞோர் நீனோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கசெட்டை மாற்றச் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த நாள் தண்ணீர் வெட்டு. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கழுவ வழியில்லாததால் பாட்டுக்கும் இருந்துவிட்டேன். திரையில் இரண்டு கடற்படைக்காரர் சப்பாத்தால் தட்டித் தட்டி ஆடத் தொடங்கினார்கள்… தற்செயலாகக் கீழே பார்க்கிறேன், போர்வைக்குக் கீழே சிஞ்ஞோர் நீனோவின் செருப்பு இரண்டும் அசைகின்றன. வலது, இடது, வலது. தாளம் பிசகவேயில்லை. பிசியோ பெண் தலைகீழாக நின்றும் அசையாத கால்கள். நான் குசினியில் நின்ற மாதமெல்லாம் இது நடந்திருக்கிறது.

என்ன இது என்று கேட்டேன். வெட்கப்பட்டார்.

"மனிசியும் நானும் இதுக்கு ஆடுறனாங்கள். தனிய எப்பிடி எழும்புறது?"

நான் கையை நீட்டினேன். யோசித்துச் செய்யவில்லை. கல்யாண வீட்டில்கூடச் சுவரோடு சாய்ந்து நிற்கிற ஆள் நான். அவர் என் கையைப் பிடித்து எழும்பினார்… நடுங்கி நடுங்கித்தான்.

அன்றிலிருந்து பாட்டைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டு, சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தோம். முதலில் பாதிப் பாட்டுக்கே மூச்சு வாங்கினார். போகப் போக முழுப்பாட்டு. கீழ் வீட்டு சிஞ்ஞோரா தும்புத்தடியால் மேலே குத்துவார். என் காலை மிதித்துவிட்டு, பிழை என்னுடையது என்று என்னையே ஏசுவார் இவர். வாழ்க்கையில் நான் அவ்வளவு சிரித்தது அந்த மாதங்களில்தான்.

ஓகஸ்டில் மகன் வந்தார். இல்லத்தில் இடமும் பார்த்துவிட்டாராம். சிஞ்ஞோர் நீனோ வாதாடவில்லை, படத்தைப் போடச் சொன்னார். பாட்டு வந்தது. நான் கையை நீட்டினேன், அவர் பிடிக்கவில்லை. கதிரையில் கையை ஊன்றித் தானாகவே எழும்பினார். எனக்கு உயிர் போய் வந்தது. மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, மகனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் இஞ்சைதான் இருப்பன். இவனும் இஞ்சைதான் இருப்பான்."

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த தை மாதம் மதி வந்து இறங்கினாள். சிஞ்ஞோர் நீனோ இன்னும் சில வருடம் மேசையைச் சுற்றிவிட்டு, தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். சொந்தத் தகப்பன் போன மாதிரித்தான் இருந்தது எனக்கு.

இப்போது டெக்கும் இல்லை, கசெட்டும் இல்லை. அந்தப் படங்களெல்லாம் போனில் கிடக்கின்றன, தட்டினால் வரும்… பார்க்கத்தான் பொறுமை இல்லை. பிறகு மொண்டெல்லோ கடற்கரை ரெஸ்டோரண்டில் வருடக்கணக்காக நின்று வேலை செய்து எனக்கும் முழங்கால் போய்விட்டது. டொக்டர் நடக்கச் சொல்கிறார். எங்கள் மகள் என் கையில் ஒரு வோட்ச் கட்டிவிட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் போதும், எழும்பு எழும்பு என்று அதிரும். கேட்கிறேனா நான்…

போன ஞாயிற்றுக்கிழமை சும்மா அப்படியொரு படத்தைப் போட்டுவிட்டு ஹோலில் இருந்தேன். பாட்டு வந்தது. கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்த மதி எட்டிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, அடுப்பை நூர்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தபடி வந்து முன்னால் நின்றாள்.

"எழும்புங்கோவன், ஒரு சுத்து."

எனக்கு இன்றுவரை ஆடத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. மேசையில் இடித்து, கதிரையில் இடித்து, பாட்டு முடியும் வரைக்கும் இரண்டு பேரும் சுற்றினோம்.