ஒரு தடவை பார்த்தால் போதும்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவித் துணியில் சுற்றி, நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி நீக்குவது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே அறை, அதே புழுக்கம். மேலே ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிற நர்ஸுகள் அவளை 'மறுபடியும் அக்கா' என்பார்கள், அதுவும் காதுபடவே. கோபித்துக்கொள்ள அவளுக்குப் பயம். கோபம் பாவமாயிற்றே!

இந்தப் பயம் நேற்று முளைத்ததல்ல. எட்டு வயதில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு முதல் தடவை போனபோது பாவங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனாள். வரிசையில் நிற்கும்போது, இதையெல்லாம் மெய்யாகவே செய்தோமா, தாள் நிரம்பட்டும் என்று எழுதினோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. செய்யாததைச் சொன்னால் பொய். அந்தப் பொய்யையும் தாளில் சேர்த்துக்கொண்டாள். ஆன்மாவையே கொன்றுவிடும் சாவான பாவத்துக்கு மூன்று வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்: விஷயம் கனமாக இருக்கவேண்டும், தெரிந்து செய்யவேண்டும், முழுச் சம்மதத்தோடு செய்யவேண்டும். மற்ற பிள்ளைகள், அப்படியானால் சுலபத்தில் விழமாட்டோம் என்று நிம்மதியாக விளையாடப் போனார்கள். இவள் மட்டும் மூன்றும் தன்னிடம் இருக்கிறதா என்று துருவிப் பார்க்க உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால் சம்மதம் சொல்லிவிட்டு வந்து, சாப்பிடும்போது மாப்பிள்ளையின் காதில் கேட்டாள்: "நான் முழு மனசோட சொன்னேனா?"

பஸ் டிரைவரான அவர் தலையை நிமிர்த்தவில்லை. "எனக்குக் கேட்டுச்சு. கடைசி பெஞ்சுக்கும் கேட்டுச்சு. நீ சாப்பிடு."

நல்ல மனுஷன். வேறு யாராவது என்றால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பார்கள்.

கோயிலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே பங்குச் சாமியார் பெருமூச்சு விடுவார். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கி வாசல் வரை போவாள். ஏதோ ஒன்றைச் சரியாகச் சொல்லவில்லை என்று தோன்றும். திரும்ப வந்து வரிசையில் நிற்பாள். பின்னால் நிற்பவர்கள், இந்த அம்மா என்ன கொலையா செய்தாள் என்று பார்ப்பார்கள்.

இது கோயிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வேலைக்கும் வந்து தொலைத்தது. கருவிகளைச் சுற்றிய துணிமேல் ஒரு டேப் ஒட்டுவார்கள். இயந்திரத்தில் சூடு சரியாக ஏறினால் டேப்பில் கறுப்புக் கோடு விழும். உள்ளேயும் ஒரு சின்ன அட்டை நிறம் மாறும். ஆனால் அதை தியேட்டரில்தான் பார்க்கவேண்டும், ஏனென்றால் கட்டைப் பிரித்த நிமிடமே சுத்தம் போய்விடும். இவளுக்கோ, வெளியே கறுப்புக் கோடு இருந்தும், உள்ளே மாறியிருக்குமா என்று அரிக்கும். பிரிப்பாள். மாறித்தான் இருக்கும். பிரித்தாகிவிட்டதே, திரும்பச் சுற்றி மறுபடியும் இயந்திரத்தில் வைப்பாள். ஒரு மணி நேரம் வீண். சுத்தமாக இருந்ததைச் சுத்தமா என்று பார்த்தே கெடுத்தாள்.

ஒருநாள் இப்படி ஒரு பிரசவ ஆபரேஷனுக்குக் கருவி போய்ச்சேரத் தாமதமாகி, கடைசி நேரத்தில் பக்கத்துத் தியேட்டரிலிருந்து வாங்கி ஒப்பேற்றினார்கள். தலைமை நர்ஸ் தொலைபேசியில் கிழி கிழியென்று கிழித்தாள். இவள் அழுதுகொண்டே போய்ச் சாமியாரிடம் சொன்னாள்.

"இது மனச்சாட்சி இல்லம்மா, பயம். பயம் மனச்சாட்சி மாதிரியே பேசும்," என்றார் அவர். "இனிமே பாவசங்கீர்த்தனம் மாசத்துக்கு ஒரு தடவை. வேலையிலயும் ஒரு தடவை பாருங்க. சரியா இருந்தா அனுப்பிடுங்க. அப்புறமும் அரிச்சா, அந்தப் பொறுப்பு என் தலையில. சரியா?"

முதல் வாரம் தூக்கம் போனது. ஆனாலும் கட்டுகளைப் பிரிக்கவில்லை. நாலு மாதத்தில் தியேட்டருக்குக் கருவிகள் நேரத்துக்குப் போயின. வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புவதும் நின்றது. டிரைவர் புருஷன் சாமியாருக்கு ஒரு கூடை பழம் கொடுத்துவிட்டு வந்தார்.

அப்புறம்தான் அந்தக் காலை வந்தது.

இயந்திரத்திலிருந்து கட்டுகளை எடுத்து ஒரு தடவை பார்த்தாள். டேப்பில் கோடு கறுப்பு. முதல் இரண்டு கட்டுகளை மேலே அனுப்பிவிட்டாள். கீழ்த்தட்டிலிருந்த மூன்றாவதை அடியில் கைகொடுத்துத் தூக்கியபோது உள்ளங்கையில் ஈரம் பட்டது. துணி ஈரமாக இருந்தால் கிருமி உள்ளே புகும். அது சுத்தமில்லை, டேப் என்ன சொன்னாலும் சரி. அனுப்பிய இரண்டும் அதே தட்டில் இருந்தவை.

"விடுங்கக்கா," என்றாள் கூட வேலை பார்ப்பவள். "ஒரு தடவை பார்த்தாச்சுல்ல? ஃபாதரே பொறுப்பு ஏத்துக்கிட்டாரு. உங்களுக்கென்ன?"

அதுதான் இடித்தது. சும்மா இருக்க அவளுக்குப் பரிபூரண அனுமதி இருந்தது. அந்த அனுமதிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்கமுடியாது. பழைய பயமாக இருக்குமோ என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பயம் வரும்போதெல்லாம் 'எனக்கு என்ன ஆகும்' என்றுதான் உள்ளே ஓடும். இப்போது அது ஓடவில்லை. மேலே மேஜையில் வயிற்றைத் திறக்கக் காத்திருக்கும் யாரோ ஒருவர்தான் மனதில் நின்றார்.

தொலைபேசியை எடுத்தாள்.

"மறுபடியுமா அக்கா?" தலைமை நர்ஸ் சிரித்தாள். "டாக்டர் கவுன் போட்டாச்சு. போய் வேலையைப் பாருங்க." வைத்துவிட்டாள்.

லிஃப்ட் வரவில்லை. மூன்று மாடியும் படியேறி, மூச்சிரைக்கத் தியேட்டர் வாசலில் போய் நின்றாள். அவள் உடையோடு தாண்டக்கூடாத சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே கத்தினாள்.

"டாக்டர், அந்தக் கட்டைப் பிரிக்காதீங்க! ஈரமா இருக்கு!"

"சந்தேகமா?" என்றார் டாக்டர் எரிச்சலோடு.

"சந்தேகமே இல்ல டாக்டர். அதே தட்டுல இருந்ததைக் கையால தொட்டேன்."

பதினாறு வருடத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. டாக்டர் தலைமை நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டின் அடியில் விரலை வைத்தாள். விரலை எடுத்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது. இருப்பில் இருந்த வேறு கட்டுகளை எடுத்தார்கள். ஆபரேஷன் கால் மணி தாமதமாக ஆரம்பித்து, நல்லபடியாக முடிந்தது. இயந்திரத்தில் ஒரு வால்வு கெட்டிருந்ததாம்.

அந்த மாதப் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க சொன்னதை மீறிட்டேன் ஃபாதர். மீறினது பாவமில்லைன்னு எனக்கே தெரியுது. உங்ககிட்ட கேட்கவே தோணல."

"தெய்வமே!" என்றார் சாமியார், மனப்பூர்வமாக. "அப்ப இந்த மாசம் சொல்றதுக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணு இருக்கு ஃபாதர். அந்த நர்ஸ் மூஞ்சி சுண்டினதைப் பார்த்து, நல்லா வேணும்னு நெனச்சேன். தானா வந்த நெனப்பு இல்ல. நானேதான் நெனச்சேன். படியிறங்கும்போது மூணு மாடியும் நெனச்சு நெனச்சு ரசிச்சேன்."

இருவருக்கும் நடுவிலிருந்த தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். "அற்பப் பாவம்தான். ஆனா எட்டு வயசுலேருந்து இந்த முப்பத்தாறு வருஷத்துல நீங்க தேடாம கண்டுபிடிச்ச முதல் பாவம் இதாத்தான் இருக்கும்மா."

மன்னிப்பு ஜெபத்தைச் சொல்ல அவருக்குக் குரல் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் சந்தோஷமாகக் காத்திருந்தாள்.