வலி மேடமும் வீட்டுக்காரரின் காலும்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு 'வலி மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் மேடம். வலியை ஆராய்வதால் வந்த பட்டம் என்று அவளே நம்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் வேலை பார்த்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

அவள் தொழில் விஷம் வைப்பது. பயப்பட வேண்டாம், எலிக்குத்தான், அதுவும் சாகாது. முதுகுத்தண்டுக்குள் போகும் நரம்பிழைகளில் தொடுவதைச் சொல்பவை உண்டு, வலியைச் சொல்பவை உண்டு. வலி இழைகள் மட்டும் ஆசையாக வாங்கி விழுங்குகிற ஒரு பொருளோடு விஷத்தைக் கட்டி, ஊசி வழியாக உள்ளே இறக்கிவிடுவாள். பரிசுப் பொட்டலம் என்று நம்பிப் பிரித்த வீடு காலி. பக்கத்து வீட்டுக்கு ஒரு கீறல்கூட விழாது. பிறகு எலியைச் சூடான தட்டில் நிறுத்துவார்கள். மற்ற எலிகள் வெடுக்கென்று காலைத் தூக்கும். இது சாவகாசமாக மீசையைத் துடைத்துக்கொண்டு நிற்கும். அறையே கைதட்டும். கால் வெந்துபோவதற்குள் எலியைத் தூக்கி வெளியே விட வேண்டியது மட்டும் மனிதர் பொறுப்பு.

இதையே வருடக்கணக்காகச் செய்ததில் மேடத்துக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. யார் வலி என்றாலும் நம்ப மாட்டாள். எழுத்தர் தலைவலி என்று லீவு கேட்டால், "எங்க? குத்துதா, எரியுதா, இழுக்குதா?" என்று குடைந்தெடுப்பாள். பாவம், அவர் வந்த வலி போதாதென்று இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு தன் நாற்காலிக்கே திரும்புவார்.

வீட்டில் வசமாக மாட்டியவர் கணவர். தபால் நிலையத்தில் கவுன்டர் வேலை, கூடவே சர்க்கரை வியாதி. சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புலம்ப ஆரம்பிப்பார்.

"ஏம்மா, பாதம் தீயா எரியுது."

"எரியலைங்க. எரியுதுன்னு நரம்பு பொய் சொல்லுது. அதைப் போய் நம்புறீங்களே!"

மனிதர் தன் நரம்புக்காக மன்னிப்புக் கேட்காத குறையாக வாயை மூடிக்கொள்வார். நாளடைவில் புலம்பல் குறைந்தது, பிறகு அடியோடு நின்றது. மேடத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. "கண்டுக்காம விட்டேன், தானா சரியாப் போச்சு" என்று சாப்பாட்டு மேஜையில் அளந்தாள். எலி கத்தாவிட்டால், வலி போனதா, வலியைச் சொல்கிற நரம்பு போனதா என்றுதான் முதலில் கேட்பாள். கணவர் விஷயத்தில் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. படிப்பையும் வெள்ளைக் கோட்டோடு ஆபீஸ் கொக்கியில் மாட்டிவிட்டு வந்துவிடுவாள் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துடைத்த தரையில் குளியலறையிலிருந்து சோபா வரைக்கும் அடிக்கு அடி ரத்தக்கறை. சோபாவில் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் ஒரு ஆணி தலைவரைக்கும் இறங்கியிருந்தது. சுற்றிலும் சதை கறுத்து வீங்கியிருந்தது.

"இது எப்பங்க ஏறுச்சு?"

"எது?" என்றார் அவர்.

 அவர் கால் கட்டைவிரலில் தன் நகத்தை வைத்து அழுத்தினாள். இன்னும் பலமாக அழுத்தினாள். அவர் பக்கத்தைப் புரட்டினார்.

"வலிக்குதா?"

எத்தனை திட்டு வாங்கியவர்! "சேச்சே, கொஞ்சம்கூட இல்லம்மா" என்றார், நல்ல பிள்ளையாக.

"ஐயோ, வலிக்குதுன்னு சொல்லுங்களேன்!"

அவள் கத்திய கத்தலில் மிரண்டுபோனார். "சரி சரி, வலிக்குது" என்றார். அப்போது அவள் கை அவர் காலிலேயே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆணியை எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்தார். கணவர் அதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தைரியம் சார் உங்களுக்கு!" என்று நர்ஸ் பாராட்டியபோது மேடத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

"எலும்பைத் தொடல. பாதத்தைக் காப்பாத்திடலாம்" என்றார் டாக்டர். "ஆனா நரம்பு எவ்வளவு மிச்சமிருக்குன்னு தெரியணும். முழங்கால் வரைக்கும் போயிருந்தா கஷ்டம்தான்."

கணவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார். விரலில் குத்தினார், சத்தமில்லை. பாதத்தில் குத்தினார், குதிகாலில் குத்தினார், சத்தமே இல்லை. எத்தனையோ ஊசி பிடித்த மேடம் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கத்துங்களேன், ஒரே ஒரு தடவை கத்துங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஊசி கணுக்காலைத் தாண்டியது.

"ஐயோ அம்மா!"

கட்டிலே அதிர்ந்தது. அலறிய வேகத்தில் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு, மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "சாரிம்மா. தெரியாம வலிச்சிடுச்சு."

மேடம் தேம்பித் தேம்பி அழுதாள், நடுநடுவே சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரின் கையைப் பிடித்தாள்.

"இன்னொரு தடவை குத்துங்க டாக்டர்."