எந்தத் தெரு?

இங்கே திங்கட்கிழமைக் கூட்டம் வேலைப் பேச்சோடு தொடங்குவதில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருகிறோம். புதிதாக யாராவது வந்திருந்தால் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் மலை எது, தன் ஆறு எது, தான் யாருடைய வழி வந்தவர் என்று சொல்லிவிட்டு, கடைசியில்தான் பெயரைச் சொல்ல வேண்டும். இது மாவோரி மக்களின் வழக்கம். பெபேஹா என்கிறார்கள். ஆக்லாந்தில் கடலோரச் சதுப்புக் காடுகளைப் பாதுகாக்கும் எங்கள் அலுவலகத்தில் வெள்ளைக்காரர்களும் இதைப் பழகியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரரான எங்கள் படகோட்டி, தன் ஊர் ஏரியின் பெயரைக் கண் கலங்காமல் சொன்னதே இல்லை. 2011-இல் நான் வேலையில் சேர்ந்த முதல் திங்கட்கிழமை, வட்டம் என்னிடம் வந்தபோது நான் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

காரணத்தை நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிதம்பரத்தில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் முதலில் ஊரைக் கேட்போம், அடுத்து எந்தத் தெரு என்போம். கேட்கும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும், குரலில் அக்கறை இருக்கும். பதில் வந்ததும் எதிரில் இருப்பவரை எங்கே உட்கார வைப்பது, எந்தத் தம்ளரை நீட்டுவது என்று மனசுக்குள் முடிவாகிவிடும். நான் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றான தெற்கு வீதியில் பிறந்தவன். அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. ஆனால் அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த முதல் வாரத்தில், பக்கத்து மேசையில் வேலை செய்யும் மேரே என்ற மாவோரிப் பெண்மணி, உன் மக்கள் யார் என்று அன்பாகக் கேட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போயிற்று. மறுநாள் என் மேசைமேல் ஒரு கேக்கும், உன் இழப்புக்காக வருந்துகிறேன் என்று எழுதிய சீட்டும் இருந்தன. என் குடும்பத்தையே ஏதோ துயரம் கொண்டுபோய்விட்டது என்று நினைத்துவிட்டார். அப்பா அம்மா இருவரும் சிதம்பரத்தில் சௌக்கியமாக இருக்க, நான் அந்த கேக்கைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் வழக்கம் பிடிபட்டது. மலைக்கு எங்கே போவது? நம் பக்கம் சுற்றுவட்டாரத்தில் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நீர் இருக்கிறதே. பிச்சாவரத்துக் கழிமுகம் என் நீர் என்று சொன்னேன். வேர்கள் காலூன்றி நிற்கும் காடு, பக்கத்து ஊரான கிள்ளையின் வாய்க்கால்கள், கடலின் ஓதம் ஏறி இறங்கும் சத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். இங்குள்ள சதுப்பில் நிற்கும் வெண்கண்டல் மரம் அங்கும் உண்டு, இங்கே குளிரில் பல இடங்களில் இடுப்பளவோடு நின்றுவிடுகிறது, அங்கே தலைக்கு மேலே வளரும் என்றேன். எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் என் சார்பாகப் பிச்சாவரத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தினேன். எங்கள் மேலாளர் டேவிட் என்னை அலுவலகத்தின் சமத்துவக் குழுவில் சேர்த்தார். 2012 மார்ச்சில் ஒருநாள் வந்து, பணியிடத்தில் நீ ஒதுக்கப்பட்ட ஓர் அனுபவத்தை எழுதிக்கொடு, செய்தி மடலில் போடுவோம் என்றார்.

மூன்று நாள் யோசித்தேன். ஒதுக்கப்பட்ட அனுபவம் ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் பச்சையம்மாவின் முகம்.

சுனாமிக்குப் பிறகு, காடு நின்ற இடத்தில் அலை மட்டுப்பட்டது என்று எல்லாருக்கும் கண் திறந்தது. கண்டல் நடும் திட்டங்கள் வரிசையாக வந்தன. அப்படி ஒன்றில் 2006-இல் களப் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். அலுவலகம் சிதம்பரத்தில் ஒரு வாடகை வீடு, வேலை கிள்ளைக்கு அப்பால் சேற்றில். பச்சையம்மா இருளர் பெண். அப்போது முப்பது வயதிருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் போட ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார். எங்களிடம் கன்று நடும் கூலி வேலைக்கு வந்தார்.

முதல் வருடம் நான் வரைபடம் போட்டு வெட்டிய வாய்க்கால்களில் நட்ட கன்றுகள் பாதிக்குமேல் கருகின. தண்ணீர் வருகிறது, கன்று ஏன் சாகிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது பச்சையம்மா சேற்றில் காலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தண்ணி வர்றது பெருசில்ல சார். திரும்பிப் போவணும். இங்க வந்த தண்ணி நின்னு காயுது, உப்பு ஜாஸ்தியாவுது. அந்தாண்ட வெட்டுங்க, ஓதம் எறங்கறப்ப இழுத்துக்கும்."

அவர் நடந்து காட்டிய வழியில் வெட்டினோம். கன்றுகள் பிழைத்தன. அதை ஒரு கட்டுரையாக எழுதினேன். அதில் பச்சையம்மாவின் பெயர் இல்லை, உள்ளூர் மக்களின் உதவியுடன் என்று ஒரு வரி இருந்தது. என்னை ஆக்லாந்துக்குக் கூட்டிவந்தது அந்தக் கட்டுரைதான்.

இது மட்டும் என்றால் இன்று இவ்வளவு குறுகிப்போக மாட்டேன். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். 2009-இல் களப் பணியாளர் வேலை ஒன்று நிரந்தரமாக வந்தது. எட்டாவது படித்திருந்தால் போதும். பச்சையம்மா எட்டாவது படித்தவர். விண்ணப்பத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு, நீலச் சேலை கட்டி, கிள்ளையிலிருந்து பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நேர்காணலில் நானும், சென்னையிலிருந்து வந்திருந்த திட்ட இயக்குநரும் இருந்தோம். இயக்குநர் சேற்றைப் பற்றியும் ஓதத்தைப் பற்றியும் கேட்டார். பச்சையம்மா சொன்ன பதில்களில் அவருக்குப் பரம திருப்தி. இந்த அம்மாவையே போட்டுவிடலாம் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அப்போது எனக்குள் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் மதியம் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் கொண்டுவந்ததை மற்றவர் எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவோம். என் வீட்டுக் குழம்புப் பாத்திரத்துக்குள் பச்சையம்மாவின் கை நுழைவதை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. இயக்குநர் வெளியூர்க்காரர், அவருக்கு எதுவும் தெரியாது. அவர் காதில் விழட்டும் என்றே, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சிரித்த முகத்தோடு கேட்டேன்.

"நீங்க எந்தத் தெரு?"

பச்சையம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெருன்னு ஒண்ணும் இல்லீங்க சார். வாய்க்காக் கரையில இருக்கறோம். நீங்கதான் வந்திருக்கீங்களே."

அவர் வெளியே போனதும் நான் இயக்குநரிடம் விளக்கினேன். இவர் இருளர், மீனவ ஊர்களில் நாம் கூட்டம் போட்டால் இவர் சொல்வதை யார் கேட்பார்கள், நமக்கு எதற்கு வீண் பிரச்சினை என்றேன். அது பச்சைப் பொய். மீனவ ஊர்க்காரர்கள் வாய்க்கால் தூர்ந்துபோனால் அவரிடம் வந்து யோசனை கேட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். என் அருவருப்பை எடுத்து அவர்கள் தலையில் வைத்தேன். வேலை செல்வராசு என்ற மீனவ ஊர் இளைஞருக்குப் போயிற்று. நல்ல பையன்தான். வேலைக்கு வந்த முதல் மாதம் முழுக்க வாய்க்காலைப் பற்றிப் பச்சையம்மாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

டேவிட் கேட்ட கட்டுரையை எழுத முடியாமல் அந்தச் சனிக்கிழமை மதியம் செல்வராசுவுக்கு போன் செய்தேன். அங்கே காலை நேரம். பச்சையம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அது எங்க சார் போவப்போவுது, அதே வாய்க்காத்தான்" என்றான். தானும் அப்போது கரையில்தான் இருப்பதாகச் சொல்லி போனை அவரிடமே கொடுத்தான். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தவை எல்லாம் மறந்துபோயின. அந்த வேலை உங்களுக்கு வரவேண்டியது, நான்தான் கெடுத்தேன், மன்னிச்சுக்கங்க என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எதிர்முனையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அது அன்னிக்கே தெரியும் சார். எங்க வூட்டாண்ட எத்தினி வாட்டி வந்திருப்பீங்க. பாட்டில்ல கொண்டாந்த தண்ணியத்தான குடிப்பீங்க. தெரு கேட்டதும் புரிஞ்சிபோச்சு."

அவரே மேலும் பேசினார். குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அந்த ஊருல உங்கள எந்தத் தெருன்னு கேக்கறாங்களா சார்?"

கேட்கிறார்கள், ஆனால் இங்கே அது கேக் வாங்கித் தருவதற்கான கேள்வி என்று எப்படிச் சொல்வது? இல்லை என்றேன். "அப்ப நல்ல ஊருதான்" என்று சொல்லி போனைச் செல்வராசுவிடம் கொடுத்துவிட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று நேர்காணலில் பச்சையம்மா சொன்னதுதான் உண்மையான பெபேஹா. தன் நீர் எது என்பதை, கேட்டவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதைக் காரணம் காட்டி அவரை வெளியே அனுப்பிவிட்டு, இங்கே வந்து அதே நீரை என்னுடையது என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்ததால் வட்டம் மறுபடி சுற்றியது. என் முறை வந்தது. பிச்சாவரத்து நீர் என்னுடையது அல்ல என்றேன். அது பச்சையம்மா என்பவரின் நீர், காட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவரால், நான் கோயிலை ஒட்டிய ஒரு வீதியில் பிறந்தவன், அவரை நாங்கள் உள்ளே விடவில்லை என்றேன். நாங்கள் என்ற சொல்லுக்குப் பின்னால் அப்போதும் ஒளிந்துகொண்டேன். அறையே கைதட்டியது. டேவிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அடக்கம், செய்தி மடலுக்கு இதையே எழுதிக்கொடு என்று தோளைத் தட்டினார்.

மேரே மட்டும் கைதட்டவில்லை. தேநீர் இடைவேளையில், கோப்பையைக் கழுவிக்கொண்டே, அந்தப் பெண்ணை உள்ளே விடாதது யார் என்று கேட்டார். நான் என்றேன். அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார், தன் மேசைக்குப் போய்விட்டார். இத்தனை மாதங்களில் இந்த ஊரில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

எல்லாரும் போன பிறகு உலகப் படத்தின் முன் நின்று என் குண்டூசியைப் பிடுங்கினேன். பிச்சாவரத்திலிருந்து எடுத்துச் சிதம்பரத்தில் குத்திவிடலாம், இனிப் பொய் இருக்காது என்று நினைத்தேன். படத்தில் நம் கடற்கரை விரல் நீளம்கூட இல்லை. எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் தள்ளிக் குத்த இடம் கிடைக்கவில்லை. கடைசியில் பழைய ஓட்டையிலேயே குத்திவிட்டு வந்தேன். அந்தச் சிவப்புத் தலைக்கு அடியில் என் தெற்கு வீதியும் பச்சையம்மாவின் வாய்க்கால் கரையும் ஒரே இடமாக இருக்கின்றன.