மூன்று சிலிண்டரில் ஓடிய கார்

பெட்ரோல் வாடையும் கந்தக வாடையும் ஒன்றாகக் கலந்தால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, பிள்ளைகளே. நான் வளர்ந்த வீட்டின் வாடையே அதுதான். அப்பாவின் சட்டையில் பெட்ரோல், அம்மாவின் சேலையில் கந்தகம். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பா ஒரு பழைய வெள்ளைக் காரை வாடகைக்கு ஓட்டினார், அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்தாள். எங்கேயாவது 'டப்'பென்று சத்தம் கேட்டால் நான் ஏன் எழுந்துபோய் நம் காரைப் பார்க்கிறேன் என்று போன வாரம் இரண்டு பேரும் சிரித்தீர்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு ஆவணி மாதம், தீபாவளி சீசன் சூடு பிடிக்கிற நேரத்தில், அந்தக் காரின் இன்ஜின் கெட்டுப்போனது. நின்ற இடத்திலேயே உடம்பைக் குலுக்கும், மேட்டில் இழுக்காது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சருக்குள் வெடிக்கும். 'மிஸ்ஸிங்' என்பார் அப்பா. நாலு சிலிண்டரில் ஒன்று செத்துக் கிடக்கிறது, அதில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடிக்கிறது என்று எனக்கு விளக்கினார். வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கம்பெனியில் மருந்து கலந்துகொண்டோ திரி செருகிக்கொண்டோ இருந்தார்கள். வெடிமருந்தை நாங்கள் வெறும் 'மருந்து' என்றுதான் சொல்வோம். முதல் நாள் அப்பா பகலில் இன்ஜினை உறுமவிட்டுப் பார்த்தபோது எழுந்த சத்தத்தில், தெருவே அடுப்பையும் சோற்றையும் போட்டுவிட்டுக் கம்பெனிப் பாதையில் ஓடியது. கைக்குழந்தையோடு ஓடிய ஒரு பெண் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். "உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு இருக்கோம், பகல்ல வண்டிய உறும விடாதீக" என்று ஊரே வந்து சொல்லிவிட்டுப் போனது.

சரி, சாயந்தரம் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்க, ஓடுகிற இன்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கினால் இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்தது. பிடுங்கும்போது பொறி பறக்கும். எங்கள் தெருவில் வேலைவிட்டு வருகிறவர்கள் கைகால் எல்லாம் மருந்துத் தூள் வெள்ளியாக மின்ன, குளித்துச் சேலை மாற்றும்வரை சொந்த அடுப்புப் பக்கமே போகமாட்டார்கள். "தெரு முழுக்க மருந்துச் சேலையோட நடந்து வருது, நீங்க பொறி தட்டிப் பாக்கப்போறீகளா?" என்றாள் அம்மா. எந்த மெக்கானிக்கும் முதலில் பார்க்கிற பொறியை அப்பா தொடவே இல்லை. சத்தமும் நெருப்பும் இல்லாமல் எதையெல்லாம் பார்க்க முடியுமோ அதையெல்லாம் பார்த்தார். பெட்ரோல் குழாயை ஊதினார், ஃபில்டரைத் தட்டினார், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். சிவகாசி மெக்கானிக் ஷெட்டில் காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். "ஊருக்கு இருக்கிறதே ஒரு வண்டி. சீசன்ல அதை எப்படிய்யா விட்டுட்டு வர?" என்று திரும்பி வந்துவிட்டார். கம்பெனியில் ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக அதுதான் இருந்தது. கம்பெனிகள் மூடிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பொறியைப் பார்த்துவிடுவது என்று முடிவானது.

பக்கத்து வீட்டு அன்னத்தாய் அத்தைதான் அப்பாவைச் சும்மா விடமாட்டாள். உங்கள் அம்மாவைப் பெற்றவள் அவள், என் அம்மாவோடு அதே கம்பெனிக்குப் போய்வந்தவள். நம் வீட்டுப் போட்டோவில் சிரிக்காமல் இருக்கிறாள், நேரில் அப்படி இல்லை. "என்னண்ணே, ஒங்க வண்டியும் தீவாளிக்குச் சரவெடி ஆர்டர் எடுத்திருக்கா?" என்பாள். "நீ வேணா வந்து திரி செருகுத்தா, சம்பளம் போட்டுத் தாரேன்" என்பார் அப்பா. "ஒங்க கம்பெனி புகை எனக்கு ஆகாதுண்ணே!" சவாரிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் கார் தெருமுனையில் வெடித்ததால், நாலைந்து நாளிலேயே ஊருக்கு அது பழகிப்போனது. சத்தம் கேட்டால் "நம்ம காருதான்" என்று சோற்றை வடிக்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சனிக்கிழமை அம்மா காய்ச்சலில் வீட்டில் இருந்தாள். அப்பா பானெட்டைத் திறந்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிய நேரத்தில் ஒரு 'டப்'. பெரிய சத்தம் இல்லை. எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல், "ஆரம்பிச்சிட்டாகளா!" என்றது. தெரு சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. பெட்ரோல் சொட்டும் கார்பரேட்டரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவின் நடுவில் வந்து நின்றார்.

"ஏத்தா... நான் வண்டிய ஸ்டார்ட்டே பண்ணலையே."

இரண்டாவது சத்தத்தில் தரை ஆடியது.

எல்லாரும் ஓடினார்கள். அப்பாவால் ஓட முடியவில்லை. கார் கிளம்ப கார்பரேட்டரை மாட்ட வேண்டியிருந்தது. நட்டு கைநழுவி மண்ணில் விழ, தேடி எடுத்து, மறுபடி விழ, எடுத்து முறுக்கினார். கம்பெனி வாசலில், தீயில் வெந்து கிடந்த அன்னத்தாய் அத்தையை வாழை இலையில் கிடத்திப் பின்சீட்டில் ஏற்றினார்கள். அம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முன்சீட்டில் இருந்த என்னை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று சிலிண்டரில் அந்தக் கார் சிவகாசிக்கு ஓடியது. முதல் வளைவில் அப்பா காலை எடுத்ததும் சைலன்சர் வெடித்தது. கண்ணைத் திறக்காமல் கிடந்த அத்தை, "ஓடுங்கடி! ஏ, வெளிய ஓடுங்கடி!" என்று கத்தினாள். அவள் இன்னும் கம்பெனியில் வெடித்த அந்த ரூமுக்குள்ளேயேதான் இருந்தாள். அதற்குப் பிறகு அப்பா ஆக்சிலேட்டரிலிருந்து காலையே எடுக்கவில்லை, மாட்டுக்கும் ஒதுங்கவில்லை, பள்ளத்துக்கும் தயங்கவில்லை, ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். சிவகாசிக்குள் நுழைகிற இடத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கால் எடுக்காமல் வேறு என்ன செய்வார்? வெடித்தது. "ஓடுங்கடி" என்றாள் அத்தை, இந்தத் தடவை மெதுவாக. கேட் திறந்தபோது அவள் பேச்சு நின்றிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சொன்னபடியே அப்பா இன்ஜினை ஓடவிட்டு வயர்களைப் பிடுங்கினார். மூன்றாவதில் சத்தம் மாறவில்லை. பிளக்கை மாற்றிப் பார்த்தார், வயரை மாற்றிப் பார்த்தார். கடைசியில், நாலு வயருக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற கறுப்பு மூடியில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. வேறு மூடி போட்டதும் இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. அப்பா அதை உடனே அணைத்துவிட்டார்.

அப்புறம் அந்தக் கார் ஒருநாளும் வெடிக்கவில்லை. ஆனால் குவாரியில் பாறைக்கு வெடி வைத்தாலும் சரி, தூரத்தில் கம்பெனியில் சரக்கை வெடித்துப் பார்த்தாலும் சரி, உங்கள் அம்மா, அப்போது சின்னப்பிள்ளை, பாவாடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடிவருவாள். "மாமா, ஒங்க வண்டிதானே?" எந்த வேலையில் இருந்தாலும் அப்பா நிமிர்ந்து, "ஆமாத்தா, நம்ம வண்டிதான். நீ போய் வெளையாடு" என்பார்.

இப்போது நாம் விருதுநகரில் இருக்கிறோம். நம் காரில் கார்பரேட்டர் இல்லை, அந்தக் கறுப்பு மூடியும் இல்லை. இன்ஜினில் கோளாறு என்றால் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. சைலன்சர் வெடிக்கிற வண்டியை நீங்கள் பார்த்ததே இல்லை. கம்பெனிகள் மட்டும் அங்கேயே இருக்கின்றன.

போன வாரம் சத்தம் கேட்டபோது நீங்கள் என்னைத்தான் பார்த்துச் சிரித்தீர்கள். உங்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. அவள் கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்று, அன்று அப்பாவைப் பார்த்த மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். நான் போய்க் காரைப் பார்த்தேன். பூட்டியபடி சத்தமில்லாமல் நின்றது. அவளிடம் 'நம்ம வண்டிதான்' என்று சொல்வதற்கு அப்பாவிடம் வெடித்துப் பழகிய ஒரு கார் இருந்தது. என்னிடம் இல்லை.