செகண்டுக்காரி

இசைக் கல்லூரித் தேர்வுக்கு நான் தயாரான மூன்று மாதத்தை நினைத்தால் எனக்குப் பாட்டு ஞாபகம் வருவதில்லை, தூக்கம்தான் ஞாபகம் வருகிறது. எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகும். காலைப் பூசையில் முழங்காலில் நிற்கும்போது சொருகும். வகுப்பில் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து ஆனா ஆவன்னா இழுக்கும்போது, அந்த இழுப்பிலேயே நானும் போய்விடுவேன். ஒருநாள் ஒரு பெண் குழந்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், நாங்க அக்கன்னா வரைக்கும் வந்துட்டோம்" என்று சொல்லி எழுப்பியது.

ஐம்பதுகளின் கடைசி அது. திண்டுக்கல்லில் மடத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஐம்பத்துச் சொச்சம் பிள்ளைகள், ஓட்டுக் கூரை, பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. அந்த டீச்சர் கத்துவதற்கு மேல் நான் கத்த வேண்டும். எனக்கு மேல் அவள் கத்துவாள். சாயங்காலம் நாலு மணிக்கு என் தொண்டை, துருவிப் போட்ட சிரட்டை மாதிரி இருக்கும். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டுதான் நான் சங்கீதம் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஏன் இந்த ஆசை என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். பாட்டு டீச்சருக்குக் கத்துகிற வேலை இல்லை, பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு, ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம் என்பேன். அதைச் சொன்னால் எல்லோரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். உண்மைக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட நான் தனியாகப் பாடி யாரும் கேட்டதில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. அந்த வருஷத்தோடு கல்லூரியில் சேர எனக்கு வயது வரம்பு முடிகிறது என்பதால், கேட்டால் அப்போது கேட்க வேண்டும், இல்லையென்றால் கிடையாது.

எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் நான் செகண்டு. தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாட்டின் மெட்டை அப்படியே பாடுவது முதல் குரல். அதற்குக் கொஞ்சம் கீழே, அதே சொற்களை வேறு சுரத்தில் ஒட்டிக்கொண்டே போவது இரண்டாம் குரல். முதல் குரல் என் அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவள், குரல் கம்பி மாதிரி மேலே ஏறும். எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே குரல் கட்டையாக இருந்ததால், பாட்டுச் சொல்லிக் கொடுத்த மடத்துச் சிஸ்டர் என்னைப் பிடித்து அக்காவுக்கு இடது பக்கத்தில் நிறுத்தி, "நீ செகண்டு" என்றார். அதோடு என் தலையெழுத்து முடிந்தது. நாங்கள் மாடியில் நின்று பாட, கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் அக்காவின் குரல்தான். பூசை முடிந்து இறங்கினால் அவளைத்தான் பாராட்டுவார்கள், என்னைப் பார்த்து, "நீயும் வந்திருந்தியா?" என்பார்கள். குழுவில் எனக்குச் செகண்டுக்காரி என்றே பெயர்.

ஒன்பது வருஷம் அப்படிப் பாடினேன். போகப் போகச் செகண்டை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அக்கா வாயைத் திறந்தால் என் குரல் தானாகப் போய் அவள் குரலுக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். பேருந்து நிலையத்து ஓட்டல் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடினாலும் எனக்குள் கீழ்க்குரல்தான் ஓடும். அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி விவரப் புத்தகத்தில் இரண்டு தேர்வு போட்டிருந்தது. தெரிந்த உருப்படி ஒன்று பாட வேண்டும். பிறகு, தேர்வாளர் பாடிக் காட்டுவதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும்.

முதலாவதற்கு, கச்சேரியில் முதலில் பாடுகிற வர்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதற்குச் சுரம் போட்ட புத்தகம் ஒன்றை இரவல் வாங்கினேன். வீட்டில் ஆர்மோனியம் கிடையாது. கோயில் மாடியில் இருந்ததை வாசிக்கப் பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"சுரத்தை மட்டும் பாடிக்கம்மா. வார்த்தை வேண்டாம். இதுல வர்ற சாமி நம்ம சாமி இல்ல."

அதனால் காலைப் பூசைக்குப் பிறகு ஸரிகமவை மட்டும் கோயிலில் பாடினேன். எட்டு மணிக்குக் கதவு பூட்டுகிற கோயில்பிள்ளை கீழே நின்று சாவிக்கொத்தை ஆட்டுவார், இறங்கிவிடுவேன். வார்த்தைகளைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவேன். தெலுங்கு. எனக்கு ஓர் எழுத்துத் தெரியாது. அதுவும் நல்லதாய்ப் போயிற்று, அம்மா அர்த்தம் கேட்டால் உண்மையாகவே தெரியாது என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது தேர்வுக்கு அக்காதான். அவள் வீட்டில் தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். கோடை, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். குடங்களை வரிசையில் போட்டுவிட்டு நாங்கள் மாறி மாறி நிற்பது வழக்கம். அந்த மூன்று மாதமும் என் முறையையும் அவளே நின்றாள். "இடுப்புல குடத்த வச்சிக்கிட்டு நீ எங்க பாடப் போற? நான் எடுத்தாறேன், நீ போயி செத்த நேரம் படு" என்பாள். நான் படுத்து எழுந்தபின் மெஷினை நிறுத்தாமலே சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பாள்.

வார்த்தை இல்லாமல், ஆ என்று ஒரு வரி பாடுவாள். கடைசிச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். நான் பாடுவேன். என் குரல் வந்து சேர்ந்ததும் அவள் முகம் மலரும். "சரி" என்பாள். அடுத்த வரி. மறுபடி "சரி". ஒருநாளைக்கு முப்பது நாற்பது வரி பாடியிருப்போம். ஒன்றுகூடத் தப்பவில்லை. "ஏடி, ஒனக்கு என்ன காதுடி இது!" என்று அவள் ஆச்சரியப்படுவாள். எனக்குப் பெருமையாக இருக்கும், தூக்கமும் வரும்.

தேர்வன்று அப்பாவும் நானும் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். நிலக்கோட்டைப் பக்கமிருந்து வந்த மல்லிகை மூட்டைகள் வண்டி முழுக்க அடைத்துக் கிடந்தன. அந்த வாசனையில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. முந்தின நாள்கூட விடுப்பு எடுக்காமல் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அப்பா வாசலில் குடையோடு உட்கார்ந்துகொண்டார். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர், இடது பக்கம் மடியில் பிடிலோடு ஒரு பெரியவர், மூன்றாமவர் எழுதிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு பெண் தம்புரா மீட்டினாள். வர்ணத்தைப் பாடினேன். குரல் கரகரத்தது, ஆனால் சுரம் பிசகவில்லை. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் படித்தது, எப்படிப் பிசகும்? முடித்ததும் அந்த அம்மா, "யாரிட்டயும் கத்துக்காமலா?" என்று கேட்டார். என் முதுகு நிமிர்ந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அசதியே இல்லை.

பிறகு அவர் ஆ என்று ஒரு வரி பாடி நிறுத்தினார். நான் திருப்பிப் பாடினேன். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மறுபடி கேளு" என்று அதையே பாடினார். நானும் அதையே பாடினேன். வேறு ஒரு வரி பாடினார். அதையும் பாடினேன். நன்றாகத்தான் பாடுகிறோம், அதனால்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பிடில் பெரியவர் மட்டும் சிரித்தார். "எந்த ஊரும்மா?"

"திண்டுக்கல்லுங்கய்யா."

"சர்ச்சுல பாடுறியா?"

"ஆமாங்கய்யா."

"ரெண்டாவது குரலா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம் என்றேன். அவர் மற்றவர்களிடம் திரும்பினார். "சுருதியெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. கேட்டதைப் பாடலை, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் ரெண்டு சுரம் கீழே இறக்கி, அச்சு மாறாமப் பாடுது. நீங்க பாடுறதுக்குத் துணை பாடுது."

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அப்படிப் பாடுறதும் கஷ்டம்தான். ஆனா இங்க அது உதவாதேம்மா. நான் பாடுறதையே பாடு. அதுக்குக் கீழ போகாதே" என்று மெதுவாகச் சொல்லி, குழந்தைக்குப் பாடுவது போலச் சின்ன வரி ஒன்று பாடினார்.

இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? முதல் சுரத்தை அவர் இடத்திலேயே பிடித்தேன். இரண்டாவது சுரத்துக்குப் போகும்போதே குரல் இறங்கிப் போய் அதன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மறுபடி பாடினார். மறுபடி இறங்கியது. இன்னொரு முறை என்று நானே கேட்டேன். அதிலும் அப்படித்தான். என் தொண்டையை என்னால் தூக்கி நிறுத்த முடியவில்லை. நான் அவ்வளவு அசந்து போயிருந்தேன். "போதும்மா" என்றார் அவர்.

மூன்று மணிக்குப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. அப்பா இரண்டு தடவை விரலை வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, வா, பஸ்ஸப் பிடிப்போம்" என்றார். திரும்பி வரும்போது எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று மாதமாக வந்த தூக்கம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அக்கா ஒவ்வொரு வரிக்கும் "சரி" என்று சொன்னது மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசிச் சுரத்தை ஏன் பிடித்துக்கொண்டே இருந்தாள் என்பது வாடிப்பட்டி வரும்போதுதான் உறைத்தது. நான் அடியில் வந்து சேர்கிற வரைக்கும் அவளால் விட முடியாது. அவளுக்கும் ஒன்பது வருஷப் பழக்கம்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றுகிற நேரம். அக்கா வாசலில் நின்றாள். அன்றைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது, அடுப்படியில் எல்லாக் குடங்களும் நிறைந்திருந்தன. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோற்றைப் போட்டு, வெஞ்சனத்தை வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் கேட்டாள்.

"வர்ணத்துல விட்டுட்டியா?"

"இல்லக்கா. திருப்பிப் பாடச் சொன்னதுல."

"அதுலயா? அதுல எப்படிடி? என்ன பாடுனாங்க, சொல்லு."

அந்தச் சின்ன வரியைச் சுரமாகச் சொன்னேன். அவள் அதை ஆ என்று பாடினாள். அந்த அம்மா பாடியது போலவே, இன்னும் தெளிவாகவே பாடினாள். கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் பாடினேன். வேண்டுமென்று கீழே போகவில்லை, வேண்டாமென்று தடுக்கவும் இல்லை. போயிற்று. அடுப்படி முழுக்க இரண்டு குரல்களும் சேர்ந்து நின்றன. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சரியாத்தானேடி பாடுற! இதுல என்ன கொறை கண்டாங்க? இம்புட்டுப் படிச்சவங்களுக்குக் காது கேக்கலையா?"

மூன்று மாதம் இரண்டு பேர் குடத்தை ஒருத்தியாகச் சுமந்து அவளுக்கு இடுப்பில் தோல் உரிந்திருந்தது எனக்குத் தெரியும்.

"ஆமாக்கா" என்றேன். "அவங்களுக்குத்தான் காது கேக்கல."