பொன்னாடை போர்த்திய கேணல்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக உணவகம் வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் கோப்பை கழுவத் தொடங்கினேனோ, அந்த இடத்தையே பிறகு விலைக்கு வாங்கினேன். பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர்மார் சனிக்கிழமைகளில் என் கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். உழைத்தவன் இதைச் சொல்லலாம். ஆனால் இங்கே எழுதப்போவது என்னாலும் முடியாமல், எங்கள் கேணலாலும் முடியாமல் போன ஒரு காரியம்.

கேணல் என்பது நாங்கள் அவரைக் கூப்பிடுகிற பெயர். பிரபு வம்சத்து ஜேர்மன்காரர். விரலில் குடும்பச் சின்னம் வெட்டிய மோதிரம் போட்டிருப்பார். மாளிகை, காடு, குதிரைகள் எல்லாம் ஒரு காலத்தில் கிழக்கே இருந்தனவாம். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம் அவருடைய தாய் ஒரு வண்டிலில் ஏறித் தப்பி வந்தாராம். இவர் பிறந்தது இங்கே, வாடகை வீட்டில். பரம்பரை வழக்கப்படி ராணுவத்தில் சேர்ந்து, கேணல் பதவிவரை போனார். ஓய்வுபெற்றபின் தேர்தலில் நின்று மாநிலப் பாராளுமன்றத்துக்குப் போனார். அவருடைய கட்சிக்காரர் கூட்டம் வைப்பது என் கடையின் பின் மண்டபத்தில். கூட்டம் முடிந்ததும் மற்றவர்கள் போய்விடுவார்கள். அவர் இருந்து, முள்ளுக்கரண்டியால் இடியப்பம் சாப்பிட்டு, தன் கோப்பையைத் தானே குசினிவரை கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போவார். எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டார்.

குசினியில் சமையலுக்கு நின்றவன் என் மனைவியின் தம்பி. வந்து ஏழெட்டு வருடம். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடும் தோற்று, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். இனி இருந்த ஒரே வழி, விசேட காரணம் பார்த்து இரக்கம் காட்டுகிற குழு ஒன்று. கேணலிடம் சொன்னேன். அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. அவன் என்ன வேலை செய்கிறான், மொழி எவ்வளவு தெரியும், யாரையாவது அடித்தானா என்று விசாரித்தார். பிறகு, அந்தக் குழுவில் தனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சத்தமில்லாமல் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

சத்தமில்லாமல். அந்தச் சொல்லை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். பெரிய மனிதர் ஒருவர் நமக்காக வாய் திறக்கிறார் என்றால் அவரைக் கௌரவிக்காமல் விடுகிற ஆட்களா நாங்கள்? கோயில் திருவிழாவுக்கு அவரை அழைத்தேன். நாதஸ்வரத்தோடு கூட்டி வந்து, மாலை போட்டு, என் கையாலேயே பொன்னாடை போர்த்தினேன். மனிதர் அணிவகுப்பில் நிற்பதுபோல அசையாமல் நின்றார். ஒலிவாங்கி பிடித்தவர் கோயில் செயலாளர். அவருக்கு ஒலிவாங்கி கிடைத்தால் லேசில் விடமாட்டார். எங்கள் பிள்ளைக்கு விசா எடுத்துத் தரப்போகும் வள்ளல் என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. யாரோ அதை வீடியோ எடுத்து, ஜேர்மன் மொழியில் எழுத்தும் போட்டு முகநூலில் விட்டார்கள்.

எதிர்க்கட்சிக்காரருக்கு அது போதுமாயிருந்தது. பரிசு வாங்கிக்கொண்டு விசா எடுத்துக் கொடுக்கிறார் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது.

அன்று காலை கடை திறக்கமுதல் கேணல் வந்தார். பொன்னாடையை அழகாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்துவிட்டு ஜேர்மனில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

“இனி நான் அவனுக்காகப் பேசினால், இந்தத் துணிக்காகப் பேசியதாகத்தான் எடுப்பார்கள். அவனுடைய வழக்கு இன்னும் கெடும்.”

நான் விடவில்லை. நீங்கள் ஆயிரம் பேருக்குக் கட்டளையிட்டவர், ஒரு சின்னக் குழுவுக்குப் பயமா என்று கேட்டேன். அப்படி நான் கேட்டிருக்கக்கூடாதுதான். அவர் கோபப்படவில்லை.

“ராணுவத்தோடு வெளிநாட்டில் நின்றபோது எனக்கு மொழிபெயர்த்த ஒருவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கொண்டுவர விடுங்கள் என்று கேட்டேன். மேலே கேள் என்றார்கள். அந்த மேலிடத்துக்குப் போகத்தான் அரசியலுக்கு வந்தேன். வந்து பார்த்தால் இங்கேயும் மேலே கேள் என்கிறார்கள்.”

அவருக்குத் தேநீர் ஊற்றினேன். அவர் குடிக்கவில்லை.

மனைவி என்னோடு பேசாமல் விட்டாள். செயலாளரைக் கூப்பிட்டுத் திட்டினேன். “அண்ணை, நான் நல்லதுக்குத்தானே சொன்னனான்” என்றார். அவரும் பொய் சொல்லவில்லை. குழு அவனுடைய வழக்கை எடுக்கவேயில்லை.

வெளிநாட்டவர் அலுவலகம் வரச்சொல்லி டெர்மின் குறித்த நாளில் நாங்கள் அவனோடு போனபோது, கேணல் முன்னமே வந்து காத்திருப்பவர்களுக்குப் போட்ட மர வாங்கில் இருந்தார். கட்சிச் சின்னம் குத்தாத பழைய கோட்டு. எல்லோரையும்போல இலக்கத்துண்டு எடுத்து வைத்திருந்தார். உள்ளே வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். அங்கே இருந்த பெண் அதிகாரி அவரை அடையாளம் கண்டு, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். தானாகப் போனால் பொலிஸ் வராது என்று அவள் விளக்கினாள். தானாகப் போகச் சம்மதம் என்ற கடிதத்தில் அவன் ஒப்பமிட்டான்.

வெளியே வந்ததும் அவன் என் காதுக்குள் சொன்னான்:

“அத்தான், பொன்னாடைக்குப் பதிலா ஒரு கொத்துரொட்டியைக் குடுத்து ஆளைச் சும்மா அனுப்பியிருக்கலாம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. அவன் என்ன சொன்னான் என்று கேணல் கேட்டார். மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை.

“நன்றி சொல்லுறான்” என்றேன்.

விமான நிலையத்துக்கு அவனைத் தன் காரில் கூட்டிப்போவதாகக் கேணல் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்த நாளும் வந்தது. அவனுடைய பெட்டியை அவரே தூக்கி வைத்து, காரின் முன்கதவைத் திறந்து, அவன் ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்னால் மனைவியோடு ஏறினேன்.